ஒரே பெண்மணி, நான்கு புத்தகங்கள்

(பழைய மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அண்மையில் படித்து முடித்த புத்தகங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். கூடவே, "சார், ரொம்பக் கனமா வேண்டாம். சாப்பாட்டுக்கு முன்னாடி பேசறீங்க" என்று ஒரு நிபந்தனையும் போட்டார். நல்லதாப் போச்சு. நான் முடித்தவை ஒரு துப்பறியும் நாவல், இரண்டு குடும்பக் காதல் கதைகள், ஒரு சுயசரிதை. எதுவும் தலையணை கனத்துக்கு இல்லை, சுயசரிதையைத் தவிர.

இதில் விசேஷம் என்னவென்றால், நான்கையும் எழுதியவர் ஒருவரே. அகதா கிறிஸ்டி. பெயரைக் கேட்டதும் முன்வரிசையில் சில முகங்கள் மலர்வது தெரிகிறது. நம் காலத்தில் பெஞ்சுக்கு அடியில் வைத்துப் படித்தவர்கள் நீங்கள்தான். ஹெர்க்யூல் பொய்ரோவின் மீசையும், மிஸ் மார்ப்பிளின் பின்னல் ஊசியும் உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியவை அல்ல. 66 துப்பறியும் நாவல்கள் எழுதியவர். ஆனால் இன்று நான் பேச வந்தது அந்த அறுபத்தாறைப் பற்றி அல்ல.

1926-ஆம் ஆண்டில் இருந்து ஆரம்பிக்கிறேன். அந்த வருஷத்தில்தான் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' வெளிவந்தது. படிக்காதவர்கள் இருப்பீர்கள், ஆகையால் யார் குற்றவாளி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் உங்கள் சாபம் என்னைச் சும்மா விடாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தப் புத்தகம் வந்தபோது, "இது வாசகனை ஏமாற்றுகிற வேலை" என்று சிலர் கோபப்பட்டார்கள். நான் இந்தத் தடவை பென்சிலோடு உட்கார்ந்து படித்தேன். ஒரு பொய்கூட இல்லை ஐயா! எல்லாம் நம் கண் முன்னாலேயே இருக்கிறது. ஒரு இடத்தில் மட்டும் ஒரு சின்ன இடைவெளி. அதை நாம் தாண்டிக் குதித்துப் போய்விடுகிறோம்.

அதே 1926-இல் அந்த அம்மாளுடைய வாழ்க்கையில் என்ன நடந்தது தெரியுமா? ஏப்ரலில் தாயார் இறந்துபோனார். ஆகஸ்டில் கணவர் ஆர்ச்சி, தனக்கு வேறொரு பெண்ணோடு உறவு, விவாகரத்து வேண்டும் என்று சொல்லிவிட்டார். டிசம்பர் 3-ஆம் தேதி இரவு, ஏழு வயதுப் பெண் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு அகதா காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மறுநாள் காலை கார் மட்டும் கிடைத்தது, சர்ரே பகுதியில் ஒரு சரிவில். ஆளைக் காணோம்! இங்கிலாந்து முழுக்க ஒரே அமர்க்களம். போலீஸ், தன்னார்வலர்கள், ஆகாய விமானம் எல்லாம் போட்டுத் தேடினார்கள். ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில், ஷெர்லக் ஹோம்ஸ் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார்: அகதாவின் கையுறை ஒன்றை ஆவிகளோடு பேசுகிற ஒருவரிடம் கொடுத்துக் குறி கேட்டார்! பதினோரு நாள் கழித்து, வடக்கே ஹாரோகேட் என்ற ஊரில் ஒரு ஓட்டலில் அகதா கிடைத்தார். அங்கே வேறு பெயரில் தங்கியிருந்தார். என்ன பெயர்? 'மிஸஸ் நீல்.' கணவர் மணந்துகொள்ள நினைத்த பெண்ணின் குடும்பப் பெயர் அது.

ஞாபக மறதி என்று கணவர் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். விளம்பரத்துக்காகச் செய்தது என்று ஊர் சொன்னது. கணவரைப் பழிவாங்கத்தான் என்றார்கள் வேறு சிலர். இன்றுவரை அந்த விவாதம் ஓயவில்லை.

சரி, அவரே சுயசரிதை எழுதினாரே, அதில் இருக்குமே என்று நானும் ஆவலாகப் புரட்டினேன். 1950-இல் இராக்கில் நிம்ரூத் அகழ்வாராய்ச்சி நடக்கும் இடத்தில் எழுத ஆரம்பித்து, 1965-இல் முடித்து வைத்துவிட்டு, 1976-இல் காலமாகி, 1977-இல் வெளிவந்த புத்தகம். ஐந்நூறு பக்கத்துக்கு மேல். குழந்தைப் பருவத்தைப் பற்றி எவ்வளவு எழுதுகிறார்! தாதியம்மா, கூண்டுப் பறவை, பாட்டி வீட்டு அலமாரியில் இருந்த உலர்ந்த திராட்சைகூட விடுபடவில்லை. தாயார் இறந்த பிறகு பழைய வீட்டைத் தனியாக ஒழித்துப் போட்ட நாட்களைச் சொல்கிறார். செக்கில் கையெழுத்துப் போடப் போனால் தன் பெயரே ஞாபகம் வரவில்லையாம். தாக்கரே நாவலில் வருகிற ஒரு பெண்ணின் பெயர்தான் கைக்கு வந்ததாம். கணவர் சொன்ன செய்தியையும் எழுதுகிறார். நாம் நிமிர்ந்து உட்காருகிறோம். அடுத்த பக்கம் திருப்பினால், அந்தப் பதினோரு நாள் இல்லை! ஒரு வரி இல்லை. கேனரித் தீவுக்கு மகளோடு போன கதைக்குப் போய்விடுகிறார்.

அங்கே நான் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டேன். அக்ராய்ட் கதையில் அவர் செய்ததும் இதுதானே? பொய் சொல்லவில்லை. தாண்டிப் போய்விட்டார்.

இங்கேதான் காதல் கதைகள் வருகின்றன. அகதா கிறிஸ்டிக்கு இன்னொரு பெயர் இருந்தது: மேரி வெஸ்ட்மகாட். அந்தப் பெயரில் 1930 முதல் 1956 வரை ஆறு நாவல்கள். புனைபெயர் நமக்குப் புதிதல்ல. ரங்கராஜன் தன் மனைவி பெயரில் சுஜாதா ஆனார். ஆனால் அது ஊரறிந்த ரகசியம். வெஸ்ட்மகாட் விஷயம் ஏறக்குறைய இருபது வருஷம் நிஜமாகவே ரகசியமாக இருந்து, 1949-இல்தான் வெளியே வந்தது. இவற்றைக் காதல் நாவல் என்று அட்டையில் போட்டு விற்றவர்கள் உண்டு. கல்யாணத்தில் முடிகிற கதை என்று நினைத்து எடுத்தால் ஏமாந்து போவீர்கள். இவை கல்யாணத்துக்குப் பிறகு ஆரம்பிக்கிற கதைகள்.

1934-இல் வந்த 'அன்ஃபினிஷ்ட் போர்ட்ரெய்ட்' நாவலில் ஸீலியா என்று ஒரு பெண். தாயார் இறக்கிறார், கணவன் வேறொருத்தியைத் தேடிப் போகிறான், ஸீலியா சாகத் துணிகிறாள். ஒரு தீவில், முன்பின் தெரியாத ஒரு ஓவியனிடம் இரவெல்லாம் தன் கதையைச் சொல்லித் தீர்க்கிறாள். அகதாவின் இரண்டாவது கணவர் மாக்ஸ் மல்லோவனே, அகதாவின் உருவம் வேறெங்கும்விட ஸீலியாவிடம்தான் அதிகம் தெரிகிறது என்று பின்னால் எழுதியிருக்கிறார்.

எனக்கு அதற்கு ஒரு சாட்சியம் கிடைத்தது. சுயசரிதையில், சின்ன வயதில் அடிக்கடி வந்த ஒரு கெட்ட கனவைச் சொல்கிறார். துப்பாக்கி வைத்திருக்கும் ஒரு மனிதன். அவன் சுடுவான் என்று பயமில்லையாம். கனவில் எல்லோரும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். திடீரென்று அம்மாவின் முகத்தைப் பார்த்தால், அதில் அவனுடைய வெளிர்நீலக் கண்கள்! தெரிந்தவர்களுக்குள்ளிருந்து தெரியாத ஒருவன் எட்டிப் பார்ப்பதுதான் பயம். அதே கனவு ஸீலியாவுக்கும் வருகிறது. பெரியவளான பிறகு, ஒருநாள் கணவனின் முகத்தைப் பார்க்கிறாள். அந்தக் கண்கள்! அவளைப் பொறுத்தவரை அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. எனக்கும் தேவைப்படவில்லை. பெயர் போட்டு எழுதிய சுயசரிதையில் சொல்லாததை, பெயரை ஒளித்து எழுதிய கதையில் சொல்லிவிட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இன்னொரு நாவல், 'ஆப்ஸன்ட் இன் தி ஸ்பிரிங்', 1944. இதைப் பற்றி நம் வயதுக்காரர்களிடம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். யுத்தகாலத்தில் லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றின் மருந்தகத்தில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியது. முதல் அத்தியாயம் எழுதினதும் கடைசி அத்தியாயத்தை எழுதிவிட்டு, நடுவில் இருப்பதை நிரப்பி, மூன்றே நாளில் முடித்தாராம். மூன்றாம் நாள் வேலைக்கு மட்டம்! தன் மனசுக்கு முழுத் திருப்தி தந்த புத்தகம் இது ஒன்றுதான் என்கிறார்.

ஜோன் என்று ஒரு வக்கீலின் மனைவி. நல்ல குடும்பத்தலைவி, நல்ல தாய், ஊரில் நல்ல பெயர். பாக்தாதில் இருக்கும் மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் பள்ளித் தோழி ஒருத்தியைச் சந்திக்கிறாள். தோழி முகம் சுருங்கி, உடை கசங்கி இருக்கிறாள். 'பாவம், இப்படி ஆகிவிட்டாளே' என்று ஜோன் பரிதாபப்படுகிறாள். (நாமும் காலையில் இருந்து ஒருவரையொருவர் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தலைமுடியைப் பற்றி இரண்டு பேர் என்னிடமே கேட்டாகிவிட்டது.) ஆனால் போகிற போக்கில் அந்தத் தோழி ஒன்றிரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறாள். அது முள்ளாகத் தைத்துவிடுகிறது.

மழையில் ரயில் நின்றுபோய், பாலைவனத்தில் ஒரு தங்கும் விடுதியில் ஜோன் தனியாக மாட்டிக்கொள்கிறாள். கொண்டுவந்த புத்தகங்கள் தீர்ந்து போகின்றன. கடிதம் எழுதக் காகிதமும் தீர்ந்து போகிறது. பேச ஆளில்லை. இனி யோசிப்பதைத் தவிர வழியில்லை! வக்கீல் தொழிலை விட்டு விவசாயம் பார்க்க ஆசைப்பட்ட கணவனை, 'குழந்தைகளின் எதிர்காலம்' என்று சொல்லித் தடுத்தது யார்? பிள்ளைகள் ஏன் கூப்பிட்டால் மட்டும் வருகிறார்கள்? தன்னை ஊருக்கு ரயில் ஏற்றிவிட்டுத் திரும்பிய கணவனின் தோள்கள் ஏன் அவ்வளவு நிமிர்ந்திருந்தன? ஒவ்வொரு தடயமும் அவள் கையில்தான் இத்தனை நாள் இருந்திருக்கிறது. பிணம் இல்லை, போலீஸ் இல்லை. துப்பறிபவளும் அவள்தான், பிடிபடுபவளும் அவள்தான். பொய்ரோ வருகிற எந்தக் கதையிலும் எனக்கு இவ்வளவு படபடப்பு வந்ததில்லை.

வீட்டுக்குப் போனதும் கணவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு ஜோன் ஊர் திரும்புகிறாள். வீட்டில் டீ கொண்டுவந்து வைக்கிறார்கள், தபால்கள் காத்திருக்கின்றன, எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது. கணவன் உள்ளே வருகிறான். அவள் வாய் திறக்கிறாள். என்ன சொல்கிறாள் என்பதை மட்டும் நீங்களே படித்துக்கொள்ளுங்கள். பலபேர் அந்த முடிவைக் கொடுமை என்பார்கள். எனக்கு அது நேர்மையாகப் பட்டது.

மாணவர்களில் ஒருவர் காலையில் என்னிடம், "அப்போ சுயசரிதைன்னு எழுதறதெல்லாம் பாதி மறைக்கறதுதானா சார்?" என்று கேட்டார். தம்பி, எல்லாம் அப்படியில்லை. உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' இருக்கிறது. கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்த 1880-இலேயே சேலம் இராமசாமி முதலியாரைப் போய்ப் பார்க்கிறார். என்னென்ன படித்தீர்கள் என்று கேட்டு, சொன்ன பட்டியலை எல்லாம் முதலியார் ஒரு பொருட்டாகவே மதிக்காமல், சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். தமக்கு நேர்ந்த அந்தத் தலைகுனிவை ஐயர் ஒளிக்காமல் எழுதினார். ஆனால் அது ஏறக்குறைய அறுபது வருஷம் கழித்து, அந்தத் தலைகுனிவே பெருமையாக மாறிப் போன பிறகு எழுதினது. அகதாவுக்கு அந்தப் பதினோரு நாள் அப்படி மாறவே இல்லை போலிருக்கிறது.

நம் ஆண்டு மலரையே எடுத்துக்கொள்ளுங்களேன். எத்தனை நினைவுக் கட்டுரைகள்! விடுதிச் சாப்பாடு, கிரிக்கெட், முதல்வரிடம் மாட்டிக்கொண்டது எல்லாம் இருக்கிறது. அரியர்ஸ் வைத்தவர் ஒருவரும் இல்லை. கட்டணம் கட்ட முடியாமல் இரண்டாம் வருஷத்தோடு நின்று போன நம் வகுப்புத் தோழர்கள் எந்தப் பக்கத்திலும் இல்லை. மலர்க் குழுவினர் கோபித்துக்கொள்ள வேண்டாம். அடுத்த வருஷம் பெயர் போடாமல் எழுதலாம் என்று ஒரு நாலு பக்கம் ஒதுக்கிப் பாருங்கள். எனக்குத் தெரிந்து இந்த அறையிலேயே எழுத ஆள் இருக்கிறது.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். இலை போட்டாகிவிட்டதாம். வெஸ்ட்மகாட் புத்தகங்கள் இரண்டையும் கொண்டுவந்திருக்கிறேன். மேஜை மேல் வைத்துவிட்டுப் போகிறேன். எடுத்துப் போகிறவர்கள் பெயரை மட்டும் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். புனைபெயர் கூடாது.