இடுப்புத் தசையும் கால் நோவும்

மாடிப்படியில் வழுக்கிப் புட்டம் அடிபட விழுந்த ஒருவர், சில நாளில் எழுந்து நடமாடுகிறார். அடிபட்ட நோவு தீர்ந்ததென்று எண்ணியிருக்கையில், புட்டத்திலிருந்து தொடையின் பின்புறமாகக் கெண்டைக்கால்வரை புதியதொரு நோவு இறங்குகின்றது. இதனைச் சயாற்றிக்கா என்பர். நோவு காலில், நரம்பு நெருக்குண்ட இடமோ வேறு. அவ்விடத்தைக் காண்பதே வைத்தியரின் முதற் கடன்.

முள்ளந்தண்டின் இடைத்தட்டுப் பிதுங்கி நரம்பு வேரை அமுக்குவதை, 1934 ஆம் ஆண்டில் மிக்ஸ்ரர், பார் என்னும் அமெரிக்க வைத்தியர் இருவர் விளக்கினர். பெரும்பாலாரிடத்துக் காரணம் இதுவே; எல்லாரிடத்தும் அன்று. புட்டத்தின் ஆழத்திலே பிரிபோமிசு என்னும் தசை உண்டு. முதுகின் அடியிலுள்ள திரிகவென்பிற் புறப்பட்டு, தொடையென்பின் மேன்முனையிற் பொருந்துவது அது. உடலின் மிகத் தடித்த நரம்பாகிய சயாற்றிக்கு நரம்பு, பெரும்பாலும் அதன் கீழாக வெளிவரும். சிலரிடத்து நரம்பின் ஒரு கூறு தசையை ஊடுருவியே செல்லும். அடிபட்ட தசை இறுகி வீங்கினால் நரம்பு நெருக்குண்ணும். 1947 இல் றொபின்சன் என்பார் இந்நோய்க்கு அத்தசையின் பெயரையே இட்டார்.

இத்தகைய நோயாளருக்கு நெடுநேரம் இருக்கும்போது நோவு மிகும். புட்டத்தை ஆழ அழுத்தினாலும், இடுப்பை மடக்கி முழங்காலை மறுபுறம் சாய்த்துக் காலை உட்புறமாகத் திருப்பினாலும் அந்நோவே மீண்டும் எழும். எனினும் ஒரு சோதனை மட்டும் தீர்ப்புக் கூறாது. எக்ஸ்-கதிர்ப் படத்தில் தசையின் இறுக்கம் தெரியாது. இடைத்தட்டு முதலான ஏனைய காரணங்களை விலக்கிய பின்னரே தசையைக் குற்றஞ் சாட்டுதல் தகும்.

சிகிச்சை பெரும்பாலும் எளியது, பொறுமையை வேண்டுவது. இருக்கையினின்றும் அடிக்கடி எழுதல் வேண்டும். காற்சட்டையின் பின்பையிலுள்ள பணப்பையை அகற்றல் வேண்டும். மல்லாந்து படுத்து, நோவுள்ள காலின் கணுவை மறு முழங்கால்மீது வைத்து, அம்மறுதொடையை மார்பு நோக்கி மெல்ல இழுத்தால் தசை நீளும். இதனை இயன்மருத்துவர் ஒருவரிடம் பயிலுதல் நன்று. இவற்றாலும் தணியாதவிடத்துத் தசைக்குள் மருந்தை ஊசியால் ஏற்றுவர். சத்திரசிகிச்சை அரிதாகவே வேண்டப்படும்.

ஆனால் தொடைகளின் இடைப்பகுதி மரத்தல், சிறுநீர் தடைப்படுதல் அல்லது கட்டின்றிக் கழிதல், கால் வலுவிழத்தல் ஆகியவை தோன்றின் அது தசைநோவன்று. முள்ளந்தண்டு நரம்புகளுக்கு நேர்ந்த ஆபத்தாகலாம். அப்பொழுது எண்ணெய் பூசிக் காத்திராது, அன்றே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். நரம்பு நெடுநேரம் பொறுத்திராது.