கோடை விடுமுறையும் தீம் பார்க் செலவும்

(மத்ரஸா மண்டபத்தில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

பெற்றோர் கூட்டத்தில் வழக்கமாக நாம் பேசுவது பிள்ளைகளின் ஓதலையும் வருகையையும் பற்றித்தான். இவ்வாண்டு சற்றே மாறுபட்ட பொருளொன்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம். கோடை விடுமுறையில் குடும்பத்தோடு தீம் பார்க் சென்று வர இருபதாயிரம், முப்பதாயிரம் என்று செலவழிக்கிறோமே, அந்தச் செலவு தகுமா என்பதே அது. தலைப்பை அறிவித்தபோதே, "இதெல்லாம் பள்ளிவாசலில் பேசுகிற விஷயமா?" என்று சிலர் கேட்டார்கள். பேச நேர்ந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சென்ற ஆண்டு ஜூன் மாதம், பள்ளிகள் திறந்த முதல் வாரத்தில், நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு குடும்பத்தலைவர் பைத்துல்மாலில் கல்வி உதவி கேட்டு மனுக் கொடுத்தார். இதற்கு முன் ஒருமுறைகூட உதவி கேட்டு வந்தவரல்லர். அவர் தோல் மண்டியில் வேலை பார்ப்பவர். இல்லத்தார் ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் அப்பர் தைப்பவர். இரண்டு பிள்ளைகளுக்கும் கட்டணம் கட்ட வழியில்லை என்றார். ஏன் இந்த ஆண்டு மட்டும் இப்படி என்று கேட்டபோது, தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னார். மே மாதம் நகையை அடகு வைத்துக் குடும்பத்தோடு ஒரு தீம் பார்க் போய் வந்திருக்கிறார்கள்.

உதவி கொடுப்பதா, மறுப்பதா என்று குழுவில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் விவாதம் நடந்தது. "வீண்விரயம் செய்துவிட்டு வந்து ஜமாஅத்தின் பணத்தைக் கேட்பதா?" என்றார் ஒருவர். கேட்டவர் தம் பேரப்பிள்ளைகளை அதே மாதத்தில் காரில் அனுப்பி வைத்தவர் என்பதை இன்னொருவர் நினைவூட்டினார். முடிவில் கொடுத்தோம். ஆனால் அந்த விவாதம் அதோடு நிற்கவில்லை. மனுக் கொடுத்தவரின் அனுமதியோடு, பெயரைச் சொல்லாமல், அதை இங்கே எடுத்துவைக்கிறோம். அவரைக் குறை கூறுவது நோக்கமன்று. நம்மில் பலரும் இதே கணக்கைப் போடாமலேயே போய் வருகிறோம்.

அவர் ஒரு தாளில் எழுதி வைத்திருந்த கணக்கைக் காட்டினார். போனவர்கள் ஐவர்: அவர், மனைவி, தாயார், பத்து வயது மகள், ஆறு வயது மகன். நுழைவுச்சீட்டு 6,800. இரண்டு நாள் கார் வாடகையும் ஓட்டுநர் பேட்டாவும் 9,500. இரவு தங்கிய அறை 3,000. உள்ளே சாப்பாடு 3,200. நீர் விளையாட்டுக்கான உடை, சாமான் வைக்கும் பெட்டி வாடகை 1,450. புகைப்படம், பொம்மை 1,250. ஆகமொத்தம் 25,200 ரூபாய். அந்த வீட்டுத் தாய் வாங்கும் சம்பளத்தில் இரண்டு மாதத்தையும் தாண்டிய தொகை.

இந்தக் கணக்கில் நுழைவுச்சீட்டு நான்கில் ஒரு பங்கை ஒட்டித்தான் வருகிறது என்பதைக் கவனியுங்கள். வீட்டில் பேசும்போது "டிக்கெட் இவ்வளவுதானாம்" என்றே பேச்சுத் தொடங்குகிறது. மீதி முக்கால் பங்கு வழியிலும் வாசலுக்கு உள்ளேயும் காத்திருக்கிறது. பல பூங்காக்களில் வெளி உணவுக்கு அனுமதி கிடையாது. ஹலால் பற்றிய ஐயத்தால் நம்மவர்கள் தயிர்ச்சாதத்தையும் வறுவலையும் வாங்கிக்கொண்டு ஒதுங்குவதும் உண்டு. விலையில் ஒதுக்கம் ஏதுமில்லை.

அடுத்த கணக்கை நாமே அவரோடு உட்கார்ந்து போட்டோம். யார் எத்தனை ராட்டினம் ஏறினார்கள்? தந்தை ஐந்து, மகள் ஏழு, மகன் ஆறு, தாய் ஒன்று. பாட்டியார் எதிலும் ஏறவில்லை. மொத்தம் பத்தொன்பது. 25,200ஐ அதனால் வகுத்தால் ஒரு சுற்றுக்கு 1,300 ரூபாய்க்கும் மேல் வருகிறது. ஒரு சுற்று என்பது இரண்டு, மூன்று நிமிடம். அதற்கு வெயிலில் வரிசையில் நின்றது அரை மணி, முக்கால் மணி.

மகளுக்கு ஆசைப்பட்ட பெரிய ராட்டினம் கிடைக்கவில்லை. இத்தகைய பூங்காக்கள் பலவற்றில் வயதைப் பார்ப்பதில்லை, உயரத்தைப் பார்க்கிறார்கள். பெரிய ராட்டினங்கள் பலவற்றுக்கு 140 சென்டிமீட்டரோ அதை ஒட்டிய உயரமோ வேண்டும். அந்தச் சிறுமி 134. ஆறு சென்டிமீட்டர் குறைவால் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டு அழுதிருக்கிறாள். விதி பிள்ளையின் பாதுகாப்புக்கானது; பூங்காவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டுப் பார்த்திருந்தால் அடுத்த ஆண்டு போயிருக்கலாம். இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் இவற்றில் ஏற்றமாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

தாய் ஏன் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்? பைகளுக்குக் காவல். நீர் விளையாட்டுகளுக்கு நைலான் போன்ற துணியாலான உடை வேண்டுமென்பார்கள். தளர்ந்த பருத்தி ஆடை நீரில் சிக்கிக்கொள்ளும் என்பது காரணம். அந்த உடையில் பலர் நடுவே இறங்க நம் பெண்கள் கூசுகிறார்கள். ஆகவே முழுக்கட்டணம் கட்டி உள்ளே நுழைந்த தாயும் பாட்டியும் ஒரு மரத்தடியில் ஆறு மணி நேரம் செருப்புக்கும் சாப்பாட்டுக் கூடைக்கும் காவலிருந்து திரும்புகிறார்கள். திரைக்கு அப்பாலிருந்து சிரிப்பொலி கேட்கிறது. இது ஒரு வீட்டுக் கதையல்ல என்று புரிகிறது.

இதுவரை சொன்னதைக் கேட்டு, ஆகவே தகாது என்று தீர்ப்பளித்துவிடலாம் எனத் தோன்றும். நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். "பிறகு ஏன் போனீர்கள்?" என்று அவரிடம் கேட்டோம். அவர் சொன்ன பதில்: "பாய், அவள் காலையில் ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறாள். நான் ஓ.டி. முடித்து வரும்போது பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பதற்கே போய்விடுகிறது. இரண்டு நாள் நாலு பேரும் அம்மாவும் ஒன்றாக இருந்தோம். அதற்காகத்தான் போனோம். அதோடு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் போய் வந்து கதை சொல்லும்போது என் மகன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்."

இதற்கு நம்மிடம் உடனடியாக மறுமொழி இல்லை. அவர் ஒரே மூச்சில் இரண்டு காரணங்களைச் சொன்னார். குடும்பம் ஒன்றாக இருக்கும் இரண்டு நாள் என்பது மெய்யான தேவை. தோல் தொழிலை நம்பியிருக்கும் வீடுகளில் அதன் அருமை தெரியும். மற்றது பக்கத்து வீடு. திருமணத்தில் சீர்வரிசையும் விருந்தும் எப்படி ஒருவரைப் பார்த்து ஒருவர் ஏற்றிக்கொண்டே போனோமோ, அதே வழியில் விடுமுறையும் ஏறத் தொடங்கியிருக்கிறது. முதலாவதற்காகச் செலவழிப்பதை வீண் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. இரண்டாவதற்காகக் கடன் வாங்குவதைச் சரியென்று சொல்லவும் வாய் வரவில்லை.

கடன் என்பது நம் ஊர் வழக்கம் மட்டுமன்று. இத்தகைய பூங்காக்களுக்கெல்லாம் முன்னோடியான டிஸ்னிலேண்ட், 1955 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியாவில் திறக்கப்பட்டபோது பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் ஒரு டாலர், விளையாட்டுகளுக்குத் தனிச்சீட்டு. இன்று ஒரு நாள் சீட்டே நூறு டாலரைத் தாண்டி, கூட்டமான நாள்களில் அதைப்போல் இரு மடங்கு வரை போகிறது. 2024இல் அங்கே நிதி நிறுவனமொன்று நடத்திய கணக்கெடுப்பில், டிஸ்னி பூங்காக்களுக்குச் சென்று வந்தோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் அதற்காகக் கடன்பட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். சம்பளம் டாலரில் வாங்கும் ஊரிலேயே இந்த நிலை.

நம் தொழிலின் நிலை உங்களுக்குத் தெரியும். 2020இல் கொரோனாவால் கம்பெனிகள் மூடிக் கிடந்தன. 2025 ஆகஸ்டு 27 முதல் இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தது. அமெரிக்க ஆர்டரை நம்பியிருந்த கம்பெனிகள் தடுமாறின. மே மாதம் அடகு வைக்கும்போது, தீபாவளிக்குள் ஓ.டி. பணத்தில் மீட்டுவிடலாம் என்றுதான் நம் சகோதரர் கணக்கிட்டிருந்தார். அந்த ஓ.டி.யே நின்றுபோனது. வருமானம் இப்படி ஏறி இறங்கும் ஊரில், அனுபவித்து முடித்துவிட்ட ஒன்றுக்காக மாதத் தவணை கட்டுவது மிகக் கடினம்.

எதிரே இழுக்கும் காந்தமும் வலுத்துவருகிறது. நம் தலைமுறை சிறுவர்களாக இருந்தபோது ராட்டினம் என்றால் பொருட்காட்சியில் ஆள் தள்ளிச் சுற்றுவதுதான். பின்னர் சென்னைக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி., எம்.ஜி.எம்., தாம்பரம் அருகே 1995இல் கிஷ்கிந்தா என்று வந்தன. 2005இல் பெங்களூருக்கு அப்பால் மைசூர் சாலையில் பிடதி அருகே வொண்டர்லா திறக்கப்பட்டது. அதே நிறுவனம் 2025 டிசம்பரில் சென்னைக்குத் தெற்கே, திருப்போரூர் அருகே இள்ளலூரில் இன்னொன்றைத் திறந்திருக்கிறது. பெங்களூருக்கும் சென்னைக்கும் இடையே நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் நமக்கு இரு புறமும் வாசல் திறந்தாயிற்று. பிள்ளைகள் கேட்காமல் இருக்கமாட்டார்கள்.

வி.ஜி.பி. என்றதும் இங்கே பெரியவர்கள் சிலர் முகத்தில் புன்னகை தெரிகிறது. அங்கே அசையாமல் நிற்கும் சிலை மனிதர் நினைவுக்கு வந்திருப்பார். எந்த ராட்டினத்தில் ஏறினோம், எவ்வளவு கொடுத்தோம் என்பதெல்லாம் மறந்துவிட்டது. ஒரு மனிதரைச் சிரிக்க வைக்க முயன்று தோற்றது மட்டும் நிற்கிறது. அதற்குத் தனிக் கட்டணம் ஏதும் இருந்ததில்லை. சென்ற ஆண்டு போய் வந்த அந்த ஆறு வயதுச் சிறுவனிடமும் கேட்டோம். திரும்பும் வழியில் நள்ளிரவில் டீக்கடையில் நிறுத்தி அத்தா தோளில் தூக்கிக்கொண்டு பால் வாங்கிக் கொடுத்ததைச் சொன்னான். அக்காளோ அந்த 134ஐத்தான் சொன்னாள்.

இதனால் ராட்டினத்துக்குப் பதில் வேறு எதையாவது காட்டிவிட்டால் போதும் என்று நாம் சொல்லவரவில்லை. பிள்ளைகள் அவ்வளவு எளிதில் ஏமாறமாட்டார்கள். வசதியுள்ளவர்கள் போகட்டும். வசதி குறைந்தவர்களும் ஒருமுறை போகட்டும். ஆனால் சீட்டுக் கட்டியோ உண்டியலில் சேர்த்தோ, கையில் பணம் வந்த பிறகு, கடைசிப் பிள்ளையும் உயரம் எட்டிய பிறகு, கூட்டம் குறைந்த வேலை நாளில் போகட்டும். ஏற விருப்பமில்லாத பெரியவர்களை முழுக்கட்டணத்தில் காவலுக்கு அழைத்துச் செல்ல வேண்டாம். போய் வந்தவர்கள் செல்போனில் படத்தைத் தெருவெல்லாம் காட்டுவதைச் சற்றுக் குறைத்துக்கொண்டால், அது பக்கத்து வீட்டாருக்குச் செய்யும் உதவி.

மற்ற ஆண்டுகளுக்கு நம்மைச் சுற்றியே இடங்கள் இருக்கின்றன, பார்க்காதவர்கள்தான் அதிகம். வேலூர்க் கோட்டையை மருத்துவமனைக்குப் போகும் வழியில் பேருந்திலிருந்து பார்த்ததோடு சரி. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் திப்பு சுல்தானின் மக்களை அங்கேதான் கொண்டுவந்து வைத்தார்கள். 1806 ஜூலை 10 விடியற்காலையில் சிப்பாய்கள் அங்கே எழுந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட புதிய தலைப்பாகையும், அதில் தோலால் செய்து வைத்த குஞ்சமும் கிளர்ச்சிக்கான காரணங்களில் அடங்கும் என்பது தோலில் பிழைக்கும் நம் பிள்ளைகள் அறிய வேண்டிய செய்தி. அமிர்தி காடும் அருவியும் அரைநாள் பயணம். ஏலகிரிக்குப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். வண்டியில் அந்த வளைவுகளைப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டு வருவதே ஒரு விளையாட்டு.

ஆலங்காயத்துக்கு அப்பால் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வு நிலையம் இருக்கிறது. அங்கேயுள்ள 93 அங்குலத் தொலைநோக்கி 1986 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்டது; அதை உருவாக்கப் பாடுபட்ட வைணு பாப்பு அவர்கள் அதற்கு மூன்றாண்டுக்கும் மேல் முன்பே மறைந்துவிட்டார். 1977இல் யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் கண்டறிந்தபோது அதைப் பதிவு செய்த இடங்களுள் காவலூரும் ஒன்று. நாம் பெருநாள் பிறை தேடி மாடியில் நின்று கண்ணைச் சுருக்குகிறோம். வானத்தை அளக்கும் கூடம் பக்கத்து மலையில் இருக்கிறது.

ஆனால் இவ்விடங்களுக்குப் போக முடியாததற்குப் பணம் மட்டும் காரணமன்று. பேருந்து வசதி குறைவு. யாராவது ஒருவர் முன்னின்று ஏற்பாடு செய்யவேண்டும். தீம் பார்க்கில் எல்லாவற்றையும் அவர்களே ஏற்பாடு செய்து வைத்திருப்பதால்தான் களைத்த பெற்றோர் அங்கே போகிறார்கள். அந்தப் பொறுப்பை இவ்வாண்டு ஜமாஅத் ஏற்றுக்கொள்கிறது.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் இரண்டு பேருந்துகள் பள்ளிவாசல் வாசலிலிருந்து புறப்படும். முதலில் ஏலகிரி, பிற்பகல் காவலூர். அங்கே முன்கூட்டி அனுமதி பெறும் வேலையைச் செயலாளர் பார்த்துக்கொள்வார். சமையல் நம்முடையது, சமைப்பது ஆண்கள். பைகளுக்குக் காவலிருக்க இரண்டு இளைஞர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பேருந்து வாடகையை மட்டும் தலைக்குப் பகிர்ந்து நான்கு தவணையில் கட்டலாம். கட்ட இயலாதவர்கள் பொருளாளரிடம் தனியே சொன்னால் போதும், பெயர் பட்டியலில் வேறுபாடு தெரியாது. சென்ற ஆண்டு மனுக் கொடுத்த அந்தச் சகோதரரின் குடும்பம் முதலில் பெயர் கொடுத்திருக்கிறது. மகள் இப்போது 139 என்று சொல்லிவிட்டுப் போனாள்.