ரெண்டு தோணியா, ஒரே துறையா?

புதுக் கம்பெனியும் நடத்தி, பொதுச் சங்கத்துக்கும் தலைவரா இருந்தா, "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்"னு எதிரணி அம்மா சொன்னாங்க. நான் கேட்கிறேன், அமெரிக்காவின் பிரையன் பெலண்டார்ஃப் என்ன செய்தார்? 1999-இல் பதிவான அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளைக்கு மூன்றாண்டுகள் தலைவர். அதே 1999-இல் 'காலப்நெட்' கம்பெனியையும் கூட்டாகத் தொடங்கினார்!

சங்கத்தைக் கம்பெனி விழுங்கிடாதா? விழுங்காதுங்க! அங்கே உறுப்பினர் ஆள்தான். கம்பெனிக்கு ஓட்டே கிடையாது. 2000-இல் அந்தக் கம்பெனி சம்பளம் கொடுத்து 'சப்வெர்ஷன்' மென்பொருளை எழுதவைத்தது. பூட்டி வச்சாங்களா? ஊருக்கே திறந்து விட்டாங்க! 2010-இல் அது அப்பாச்சியின் முழுத் திட்டமாச்சு. பிற்பாடு கம்பெனி பெயரே மாறிப்போச்சு; சப்வெர்ஷன் இருக்கு.

கம்பெனி வெட்டின கிணறு. சங்கம் காக்கிற தண்ணி. வீட்டுக்கு உழைக்கிறவன் ஊருக்கும் உழைக்கலாம், கணக்கு மட்டும் தனித்தனியா இருக்கணும்!