புதியவர் கேட்கும் வினா

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பொழுதுபோக்கைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தபோது, முத்திரை சேகரித்தல், சதுரங்கம், ஒளிப்படம் என்றிவற்றுள் ஒன்றைப் புகழ்ந்துரைப்போம் என்று செயலாளர் எதிர்பார்த்திருக்கலாம். அதற்கு நாம் வரவில்லை. இக்கலைகளில் ஈடுபட்டோர் கூடுமிடத்திலே, நேற்று வந்த ஒருவன் வாய் திறந்து ஒரு வினாக் கேட்கிறான். அங்கிருக்கும் பழையவர்கள் அவனை எவ்வாறு நடத்துகின்றனர் என்பதே நாம் எடுத்துக்கொண்ட விஷயம். அற்ப விஷயமென்று சிலருக்குத் தோன்றும். ஆயினும் ஒரு கலை ஓரூரிலே வேரூன்றுவதும் பட்டுப்போவதும் பெரும்பாலும் இவ்விடத்திலேதான் தீர்மானமாகின்றன.

நாம் சிறிது பழகியது வானத்தை நோக்கும் கலை. ஆகவே உதாரணங்களை அதிலிருந்தே எடுப்போம்.

2025ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்திலே சனிக்கிரகம் பூமிக்கு அண்மையில் வந்து, இரவு முழுவதும் வானில் நின்றது. புரட்டாதிச் சனிக்குக் கோயிலிலே எள்ளெண்ணெய் எரித்துத் திரும்பியவர்கள் சிலரும், ஓரிடத்தில் வைத்திருந்த தொலைகாட்டியிலே கண் வைத்துப் பார்த்தனர். பதினாறு வயது மதிக்கத்தக்க பையன் ஒருவன் பார்த்துவிட்டு, "வளையம் எங்கே அண்ணை? படத்திலை இருக்கிற மாதிரி இல்லையே!" என்றான். அங்கு நின்ற அனுபவசாலி ஒருவர், "தம்பி, முதலிலை ஒரு புத்தகத்தை வாசிச்சுப்போட்டு வாரும். இதுகூடத் தெரியாமலோ பார்க்க வந்தனீர்?" என்றார். சுற்றி நின்றோர் சிரித்தனர். பையன் அதன்பின் வரிசையில் நிற்கவில்லை.

அன்பர்களே, அவன் கேட்டது என்ன வினா என்று சிறிது ஆராய்வோம். கலிலியோ 1610இலே தம் தொலைகாட்டியாற் சனியை நோக்கி, நடுவே ஒரு பெரிய உருண்டையும் இருபுறத்தும் இரு சிறிய உருண்டைகளும் இருப்பதாகக் கண்டார். 1612இலே மீண்டும் நோக்கினார். பக்கத்து உருண்டைகளைக் காணவில்லை. அவர் திகைத்துப்போனார். சனியைச் சூழ்ந்திருப்பது தட்டையான மெல்லிய வளையமென்றும், அது நமக்கு விளிம்பைக் காட்டி நிற்கும் காலத்தில் மறைந்து தோன்றுகின்றதென்றும் ஒல்லாந்து தேசத்து ஹைகன்ஸ் என்பவர் நூலெழுதி விளக்கியது 1659இலே. வளையத்தின் குறுக்களவு 270,000 கிலோமீற்றருக்கு மேல். தடிப்போ பெரும்பாலும் சில பத்து மீற்றர்களே. சனி சூரியனை ஒருமுறை சுற்ற ஏறக்குறைய 29½ ஆண்டு செல்வதால், ஒரு சுற்றில் இருமுறை வளையம் இவ்வாறு விளிம்பு காட்டும். 2025 மார்ச்சு 23இலே அது நிகழ்ந்தது. புரட்டாதியிலும் வளையம் ஒரு கீறலாகவே தெரிந்தது.

ஆகவே "வளையம் எங்கே?" என்று கேட்ட பையன் கலிலியோவைத் திகைக்க வைத்த அதே வினாவைக் கேட்டான். ஐரோப்பாவின் பேரறிஞர்களுக்கு விடை காண ஏறத்தாழ ஐம்பது ஆண்டு சென்றது. அன்றிரவு அங்கு நின்ற யாவருள்ளும் உண்மையாகப் பார்த்தவன் அவன் ஒருவனே என்பது எமது துணிபு. மற்றையோர் படத்தில் கண்டதை மனத்தில் வைத்துக்கொண்டு "ஆகா" என்றனர். அவன் கண் கண்டதைச் சொன்னான்.

அதே வரிசையிலே சற்றுப் பின்னர் ஒரு மூதாட்டி வந்தார். "நாங்கள் கும்பிடுகிற சனீஸ்வரன் இவர்தானோ?" என்று கேட்டார். இங்கும் சிரிப்பதற்கு இடமுண்டு. சிலர் சிரிக்க ஆயத்தமாயினர். ஆனால் இம்முறை விடை சொன்னவர் வேறொருவர். "ஓம் அம்மா, இதே சனிதான். மெதுவாய் நடப்பதால் சனைச்சரன் என்று பேர். ஒரு இராசியைக் கடக்க இரண்டரை வருஷம்; பன்னிரண்டு இராசிக்கும் எவ்வளவு?" என்று திருப்பிக் கேட்டார். மூதாட்டி விரலை மடித்து, "முப்பது" என்றார். பிறகு தாமாகவே, "அப்ப மூன்று இராசிக்கு ஏழரை, அதுதான் ஏழரைச் சனி" என்றார். விஞ்ஞானம் கூறும் 29½ ஆண்டு எங்கேயிருந்து வந்ததென்பதை அவருக்கு மேலும் விளக்க வேண்டியிருக்கவில்லை. புதியவர் வெறுங்கையோடு வருவதில்லை. அவர் கொண்டுவந்ததிலிருந்து தொடங்குவதே நல்ல விடை.

நன்னூலாரைப் படித்தவர்கள், ஆசிரியராகத் தகாதவர்க்கு அவர் கூறிய உவமைகளை அறிவார்கள். அவற்றுள் ஒன்று மடற்பனை. மட்டை கழிக்கப்படாத பனையில் எவரும் ஏறிப் பழம் பறிக்க இயலாது. அது தானாக விழுத்தினாலன்றிக் கொடாது. யாழ்ப்பாணத்திற் பிறந்தவனுக்கு இவ்வுவமைக்கு உரை வேண்டியதில்லை. கருக்குமட்டை கையைக் கிழித்த தழும்பு பலரிடம் உண்டு. கூட்டங்களிலே பழையவர் சிலர் மடற்பனையாகவே நிற்கின்றனர். பழம் நிறைய உண்டு. ஆனால் ஏற வருபவனுக்குக் கிடைப்பது கருக்கு.

அதே நன்னூலார், நூல் கற்பிக்கத் தகாத மாணாக்கர் இன்னாரென்றும் ஒரு பட்டியல் தருகின்றார். செருக்குள்ளவனையும் சண்டைக்காரனையும் அவர் விலக்கியதை ஏற்போம். ஆனால் மந்தனையும், பழைய நூல்களைக் கண்டு அஞ்சி மனந் தடுமாறுபவனையும் விலக்குகின்றாரே, அதனை ஏற்க எமது மனம் இசையவில்லை. அஞ்சித் தடுமாறுபவன்தானே நமது வாயிலில் வந்து நிற்பவன்! பெரியோர் இதற்காக எம்மேற் சினங்கொள்ளார் என நம்புகிறோம்.

அமெரிக்க தேசத்திலே ஜோன் டொப்சன் என்றொருவர் இருந்தார். 1915இலே பீக்கிங் நகரிற் பிறந்தவர். பேர்க்கிலி சர்வகலாசாலையில் இரசாயனம் கற்றவர். 1944இலே ஸான் பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தின் மடத்திற் சேர்ந்து துறவியானார். அதாவது நமது மட்டக்களப்பிலே சுவாமி விபுலாநந்தர் தொண்டாற்றிய அந்த இராமகிருஷ்ண பரம்பரையிலேயே அவரும் புகுந்தார். மடத்திலிருந்தபடியே, கப்பற் சாளரத்துக் கண்ணாடியைத் தேய்த்துக் குழிவாடியாக்கி, தொலைகாட்டி செய்தார். அதிலே சந்திரனைக் கண்டபோது, இதனை எல்லோரும் பார்க்க வேண்டுமே என்ற எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. தொலைகாட்டியைத் தெருவுக்குத் தள்ளிச் சென்று அயலாருக்குக் காட்டலானார். இதனால் மடத்தின் ஒழுங்குக்கும் அவருக்கும் பொருந்தாது போய், 1967இலே மடத்தை விட்டு நீங்க நேர்ந்தது. 1968இலே நண்பர் சிலரோடு நடைபாதை வானியலார் சங்கத்தை ஸான் பிரான்சிஸ்கோவிலே தொடங்கினார்.

அவர் செய்தது இதுவே: ஒட்டுப்பலகை, கடதாசிக் குழாய், மலிவான கண்ணாடி என்பவற்றாற் பெரிய தொலைகாட்டி செய்து, தெருமுனையில் வைத்து, போவோர் வருவோரையெல்லாம் பார்க்க அழைத்தார். பார்த்தவன் என்ன கேட்டாலும் விடை சொன்னார். செய்யக் கற்க விரும்பியவனுக்குத் தேய்க்கவும் கற்பித்தார். இன்று உலகெங்கும் டொப்சன் தாங்கி என்று வழங்கும் அமைப்புக்கு அவர் உரிமைப் பத்திரம் பெறவில்லை. 2014இலே, 98ஆம் வயதில், காலமானார். துறவுக்கும் தெருமுனைக்கும் உள்ள தொடர்பைப் பற்றி நமது சமய அறிஞர்கள் ஒருநாள் பேசினால் நன்று. எமக்கு அத்தகுதி இல்லை.

இன்னொரு செய்தியையும் சுருக்கமாகக் கூறுவோம். கன்சாஸ் மாகாணத்துக் கமக்காரர் மகனொருவன், சர்வகலாசாலைக்குச் செல்ல வசதியின்றி, தானே செய்த தொலைகாட்டியாற் செவ்வாயையும் வியாழனையும் நோக்கி வரைந்த படங்களை, 1928இலே லொவல் வானிலையத்துக்கு அனுப்பினான். அதன் தலைவர் சிலிப்பர், பட்டமில்லாத பையனென்று கடிதத்தை ஒதுக்காமல், விடையெழுதி, 1929இலே அவனை வேலைக்கும் அழைத்துக்கொண்டார். அவன்தான் கிளைட் டொம்போ. 1930 பெப்ரவரியிலே புளூட்டோவைக் கண்டவன் அவனே. 2006இலே புளூட்டோ குறுங்கோள் என்று வகுக்கப்பட்டது வேறு விஷயம்.

இனி மறுதரப்பையும் கேட்க வேண்டும். "எந்தத் தொலைகாட்டி வாங்குவது?" என்ற வினாவை நூறு தடவை கேட்டவனுக்குச் சலிப்பு வராதா? வரும். பெட்டியின் மேலே 500 மடங்கு பெருக்கமென்று அச்சிட்டிருப்பதை நம்பி, 60 மில்லிமீற்றர் வில்லையுடைய விளையாட்டுப் பொருளை வாங்கிவந்து, ஒன்றும் தெரியவில்லையே என்று கேட்பவர்கள் எத்தனைபேர்! வில்லையின் அகலத்தில் ஒரு மில்லிமீற்றருக்கு இரண்டு மடங்கு, அதாவது 120 மடங்குக்கு மேல் அதிலே பயனில்லை என்பதை மீண்டும் மீண்டும் சொல்வது களைப்பே. ஆனால் நமக்கு நூறாவது தடவையாயினும் கேட்பவனுக்கு அது முதல் தடவை. அவன் ஏற்கெனவே பணத்தையும் இழந்து நிற்கிறான். களைத்தவர் அன்று விடை சொல்லாமல் இன்னொருவரிடம் அனுப்பிவிடலாம். அது குற்றமன்று. கடித்து விழுவதே குற்றம்.

கடுமையும் நம் மரபிலுண்டே என்பார் உளர். ஆணவத்தின் வடிவம் யாதென்று வினாவி நின்ற அருணந்தி சிவாசாரியாரை, மெய்கண்டார் ஏற இறங்கப் பார்த்தார் என்பது வரலாறு. மெய்தான். ஆனால் அருணந்தியார் புதியவர் அல்லர், சகலாகம பண்டிதர். இளையவரான மெய்கண்டாரைச் சோதிக்க வந்தவர். அந்தப் பார்வை பண்டிதரின் செருக்குக்கு மருந்து. அரிவரி படிப்பவனுக்கு அதனைக் கொடுத்தால் நஞ்சாகும். பிரசின உபநிடதத்திலே அறுவர் வினாக்களோடு வந்தபோது பிப்பலாத முனிவர், ஓராண்டு தம்மோடு தங்கிப் பின் கேட்குமாறும், தமக்குத் தெரிந்தால் எல்லாம் சொல்வதாகவும் கூறினார். முனிவரே "தெரிந்தால்" என்றார் என்பதைக் கவனியுங்கள்.

வானத்தை விட்டு நமது சங்கத்துக்கு வருவோம். எம்மிற் பலர் மிஷன் கல்லூரிகளிற் படித்தவர்கள். அங்கே ஓய்வுநாட் பாடசாலையிலே, சின்னஞ்சிறு பிள்ளை பிழையான விடை சொன்னாலும், ஆசிரியை அதனைப் பிடித்துக்கொண்டே சரியான விடைக்கு நடத்திச் செல்வதைக் கண்டோம். எவரும் "வேதாகமத்தை முடித்துவிட்டு வா" என்று சொல்லக் கேட்டதில்லை. பின்னர் நமது சமய வகுப்பொன்றுக்கு வந்து, திருநீற்றை ஏன் மூன்று கீற்றாக இடுகிறோம் என்று கேட்ட நண்பனுக்கு, "நீ ஒரு சைவப் பிள்ளையோ?" என்ற விடை கிடைத்தது. அவன் மறுவாரம் வரவில்லை. அந்த வினாவுக்கு விடை இன்னும் அவனுக்குத் தெரியாது. மாற்றாரிடத்து நன்மையைக் கூற நாம் கூசவேண்டியதில்லை. நாவலர் பெருமானும் மெதடிஸ்தப் பாடசாலையிற் கற்று, அங்கே கற்பித்தவரே. அவர் பாலபாடங்கள் எழுதினார். சைவ வினாவிடை எழுதினார். ஒன்றுமறியாத பிள்ளை கேட்கத்தக்க மிக எளிய வினாவிலிருந்தே அந்நூல் தொடங்குகின்றது. வினாவை நூலின் உள்ளேயே வைத்துவிட்டார். கேட்கக் கூசுபவனுக்காக அவரே கேட்டுவிட்டார்.

செயற்குழுவினரிடம் எமது வேண்டுகோள் சில. அடுத்த வானோக்கும் இரவிலே புதியவர்கள் முதலிற் பார்க்கட்டும், அங்கத்தவர்கள் பின்னர் பார்க்கலாம். இருளுக்குக் கண் பழக இருபது முப்பது நிமிடம் வேண்டுமாதலால், காத்திருப்போரோடு இருந்து பேசுவதற்கு இருவரை நியமிக்க வேண்டும்; அவர்கள் சிரிப்பவர்களாக இருத்தல் ஆகாது. அந்தப் பையனின் வீடு எதுவென்று எமக்குத் தெரியும். அவனை அழைக்கும் பொறுப்பை நாம் ஏற்கிறோம். மேலும், சிறு பிள்ளைகளுக்குக் கண்வில்லை எட்டுவதில்லை. மூன்று படியுள்ள ஓர் ஏணிப்பலகை செய்ய ஆகும் செலவைத் தச்சரிடம் விசாரித்து வைத்திருக்கிறோம். கணக்கைப் பொருளாளரிடம் இன்றே கொடுக்கலாம்.