குழந்தைகள் பணம்: கையெழுத்து யாருடையது, பெட்டி யாருடையது?

(பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் சங்க ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



மேற்பார்வையாளர் என்றதும் மில் தோழர்களுக்கு மேஸ்திரி ஞாபகம் வரும். வயல் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பண்ணைக் காரியஸ்தர் ஞாபகம் வரும். அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் இன்று நான் பேசப் போவது வேறொரு மேற்பார்வையாளரைப் பற்றி. நடவுக்குப் போகிற தாயும் ஷிப்டுக்குப் போகிற தாயும் குழந்தையை விட்டுச் செல்வது அங்கன்வாடியில். அந்த அங்கன்வாடிகளைச் சுற்றி வந்து, பதிவேட்டைப் புரட்டிக் கையெழுத்துப் போடும் பெண்மணியைப் பற்றித்தான் பேசுகிறேன்.

குழந்தைக்கு மாவு வரவில்லை, சாதத்தில் காய்கறி இல்லை என்றால் நாம் முதலில் ஆயாவோடு சண்டை போடுகிறோம். அப்புறம் டீச்சரோடு. மேற்பார்வையாளர் வந்தால் அவரோடு. மூன்று சண்டையும் முடிவதற்குள் நமக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது. பணத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் மட்டும் சௌக்கியமாக இருக்கிறார்கள்.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2ந் தேதி 33 வட்டாரங்களில் ஆரம்பமாயிற்று. இன்று நாடு முழுவதும் பரவி நிற்கிறது. அதன் ஏணி இப்படி: அடியில் உதவியாளர், அதாவது நமது ஆயா, அடுத்து ஊழியர், அதற்கு மேல் மேற்பார்வையாளர், அவருக்கு மேல் வட்டாரத் திட்ட அலுவலர். கிராமப்புறத்தில் சுமார் 25 மையங்களுக்கு ஒரு மேற்பார்வையாளர் என்பது விதி. இடம் காலியாக இருந்தால் பக்கத்துப் பகுதியையும் அவர் தலையிலேயே கட்டுவார்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 2017ல் ஒரு குழந்தையின் ஊட்டச்சத்துக்கு நாளொன்றுக்கு 8 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். மத்திய சர்க்கார் பாதி, மாநில சர்க்கார் பாதி. வருஷத்துக்கு 300 நாள். 25 குழந்தைகள் உள்ள மையத்துக்கு நாளைக்கு 200 ரூபாய், வருஷத்துக்கு 60,000 ரூபாய். அப்படி 25 மையங்கள் என்றால் 15 லட்சம் ரூபாய். இத்தனை பணத்துக்கும் அடியில் ஒரு பெண்ணின் கையெழுத்து நிற்கிறது. ஆனால் அதில் ஒரு ரூபாயைக்கூடத் தாமாக முடிவு செய்து செலவழிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. தானியமும் மாவும் மேலிருந்து பொருளாக வருகின்றன. காய்கறி, தாளிப்பு, அடுப்பெரிப்பு போன்ற சில்லறைச் செலவுகளுக்குத்தான் காசு வர வேண்டும். வருகிற குழந்தைகளின் எண்ணிக்கையைப் பார்த்து அது கணக்கிடப்படுகிறது.

அந்தக் காசு தாமதமானால் என்ன ஆகிறது? அடுப்பு காத்திருக்காது, குழந்தையின் வயிறும் காத்திருக்காது. “கடையில் சொல்லி வாங்கு அம்மா, பணம் வந்ததும் கொடுத்துவிடலாம்” என்கிறார் மேற்பார்வையாளர். ஊழியர் மளிகைக் கடையில் தன் பெயரில் கடன் சொல்கிறார். இந்த மையத்தில் அரிசி தீர்ந்தால் அந்த மையத்திலிருந்து நாலு படி வாங்கிச் சமாளிக்கிறார்கள். ஒரு மாதக் கணக்கை அடுத்த மாதத்தில் சரிக்கட்டுகிறார்கள். நிதி நிர்வாகம் என்று பெரிய வார்த்தையில் சொல்வதன் அடிமட்ட நிலவரம் இதுதான். கடன் வாங்குகிற அந்த ஊழியருக்கு மத்திய சர்க்கார் 2018 அக்டோபரில் உயர்த்திக் கொடுத்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். அதற்கு முன் 3,000. ஆயாவுக்கு 2,250. மாநில சர்க்கார்கள் மேலே போட்டுத் தருவது தனி. சம்பளம் என்று சொன்னால் சட்டப்படி பொறுப்பு வந்துவிடுமே, அதனால் மதிப்பூதியம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்! இவர்களுக்கும் கிராஜுவிட்டி உண்டு என்று 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் சொல்ல வேண்டியிருந்தது.

பணம் ஏன் தாமதமாகிறது? 2021ல் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி மத்திய சர்க்கார் தன் பங்கைத் தவணை தவணையாக விடுகிறது. ஒரு தவணை, வருஷத்துப் பங்கில் கால் பாகத்துக்கு மேல் போகாது. முன்பு கொடுத்ததில் 75 சதவிகிதம் செலவானதைக் காட்டினால்தான் அடுத்தது. கேட்பதற்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. கணக்குக் கேட்பதை நாம் எதிர்க்கவும் இல்லை. ஆனால் செலவுக் கணக்கு மையத்திலிருந்து மேற்பார்வையாளருக்கு, அங்கிருந்து வட்டாரத்துக்கு, ஜில்லாவுக்கு, தலைநகருக்கு என்று ஏற வேண்டும். ஏறுகிற வழியில் எங்கே தங்கினாலும் பட்டினி கீழேதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2017ல் மேற்பார்வையாளர் போன்ற நிரந்தர ஊழியர்களின் சம்பளத்தில் மத்திய சர்க்கார் தன் பங்கை 25 சதவிகிதமாகச் சுருக்கிக்கொண்டது. முக்கால் பங்கு மாநிலத்தின் தலையில். காலி இடத்தை நிரப்ப எந்த மாநில நிதி இலாகாவுக்கு அவசரம் வரும்?

இதெல்லாம் சங்கக்காரன் பேச்சு என்று சிலர் சொல்லலாம். சர்க்காரின் சொந்தத் தணிக்கை என்ன சொல்லிற்று? மத்தியத் தணிக்கைத் துறையின் 2012-13 அறிக்கையைப் பாருங்கள். 2006 முதல் 2009 வரை நபர் ஒன்றுக்கு நாளைக்கு 2 ரூபாய் 6 காசு செலவிட வேண்டும் என்பது நிர்ணயம். செலவானது 1 ரூபாய் 52 காசு முதல் 2 ரூபாய் 1 காசு வரை. 2009 முதல் 2011 வரை நிர்ணயம் 4 ரூபாய் 21 காசு. செலவானது 3 ரூபாய் 8 காசு முதல் 3 ரூபாய் 64 காசு வரை. அதே அறிக்கையில், சோதித்த மாநிலங்களில் ஐந்தில் 57 கோடி ரூபாய்க்கு மேல் திட்டத்துக்குச் சம்பந்தமில்லாத காரியங்களுக்குத் திருப்பிவிடப்பட்டது என்றும் இருக்கிறது. ஆறு மாநிலங்களில் 70 கோடி ரூபாய் செலவழியாமல் கணக்குகளில் தூங்கியது என்றும் இருக்கிறது. தோழர்களே, 57 கோடியை ஆயா முந்தானையில் முடிந்துகொண்டு போனாரா?

2015-16 பட்ஜெட்டில் என்ன செய்தார்கள்? முந்தின வருஷம் 18,000 கோடிக்கு மேல் ஒதுக்கிய திட்டத்துக்குச் சுமார் 8,300 கோடி என்று எழுதினார்கள். கூச்சல் கிளம்பிய பிறகு துணை மானியத்தில் கொஞ்சம் சேர்த்தார்கள். ஆரம்பத்திலேயே பாதியாக வெட்டிய பணத்தை எந்த மேற்பார்வையாளர் எப்படிப் பங்கிட்டால் போதும்?

காண்டிராக்டர்களையும் விட்டுவிட முடியாது. அங்கன்வாடி உணவுக்குக் காண்டிராக்டர்களை வைக்கக் கூடாது என்று 2004 அக்டோபரிலேயே சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. இருந்தும் மகாராஷ்டிரத்தில் மகளிர் குழு என்ற பெயர்ப் பலகைக்குப் பின்னால் பெரிய புள்ளிகள் நுழைந்தார்கள். 2019ல் அந்த டெண்டரைக் கோர்ட் ரத்து செய்தது. மூட்டை வந்து இறங்கும்போது “இது சரியில்லை, திருப்பி எடுத்துக்கொண்டு போ” என்று சொல்ல அந்த மாநிலத்து மேற்பார்வையாளருக்கு என்ன பலம் இருந்திருக்கும்?

மேற்பார்வையாளர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. வராத குழந்தையை வந்ததாக எழுதச் சொல்பவரும் உண்டு. ஊழியரை அதட்டிப் பழகியவரும் உண்டு. அப்படிப்பட்டவரைச் சும்மா விடக் கூடாது. ஆனால் அதற்கு முதலில் கணக்கு நம் கையில் இருக்க வேண்டும்.

ஆகவே காரியத்துக்கு வருவோம். 2013ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 6 மாதம் முதல் 6 வயது வரை குழந்தைக்கு இலவச உணவு உரிமை. 3 வயது முதல் 6 வயது வரை காலைச் சிற்றுண்டியும் சுடு சோறும். 2013ல் சட்டம் வந்தபோது நிர்ணயித்தது நாளைக்கு 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம். கொடுக்கத் தவறினால் மாநில சர்க்கார் உணவுப் பாதுகாப்புப் படி கொடுக்க வேண்டும் என்று எட்டாவது பிரிவு சொல்கிறது. இது பிச்சையல்ல. சமூகத் தணிக்கைக்கும் கண்காணிப்புக் குழுவுக்கும் அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. ஜில்லாவில் குறை தீர்க்கும் அதிகாரி இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது.

ஒவ்வொரு கிளையிலும் இரண்டு தாய்மார்களைத் தேர்ந்தெடுங்கள். மாதம் ஒரு முறை மையத்துக்குப் போய் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும்: எத்தனை குழந்தைகள் வந்தார்கள், எத்தனை மூட்டை எந்தத் தேதியில் வந்தது, காய்கறிப் பணம் எந்த மாதம் வரை வந்திருக்கிறது. ஊழியரையும் ஆயாவையும் கூட உட்காரவைத்துக்கொண்டே எழுதுங்கள். அவர்கள் கடையில் வைத்திருக்கும் கடனும் அந்தத் தாளில் ஏறட்டும். மேற்பார்வையாளர் வந்தால் அவருக்கு ஒரு பிரதி கொடுங்கள். மேலே அனுப்புகிற கணக்கோடு இதையும் அவர் சேர்த்து அனுப்பட்டும். அனுப்ப அவருக்குப் பயமாக இருந்தால் நாமே தபாலில் சேர்ப்போம். முதல் தாள்கள் அடுத்த கூட்டத்துக்கு முன் சங்க ஆபீசுக்கு வந்து சேர வேண்டும்.