கடல் கடந்து கற்கச் செல்வோர்க்குச் சில சொற்கள்

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பயில விரும்புவோர் எவ்வாறு ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும் என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளைப் பத்தாம் வகுப்பு வரை பள்ளியில் நிறுத்தி வைப்பதே பெரும்பாடாக இருந்த காலம் ஒன்று உண்டு. இன்று இத்தகைய தலைப்பு நம் மேடையில் பேசப்படுவதே நாம் கடந்து வந்த தொலைவுக்குச் சான்றாகும்.

கடல் கடப்பது நமக்குப் புதிதன்று. 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களை அது சுமந்து சென்றது. அவ்வாறு கப்பலேறியோருள் நம் முன்னோரும் இருந்தனர். அவர்கள் சென்றது உழைப்பை விற்க. அறிவைத் தேடிக் கடல் கடக்கும் வழியை நமக்குத் திறந்து காட்டியவர் அண்ணல் அம்பேத்கர் ஆவார்.

1913-இல் பரோடா மன்னர் அளித்த உதவித்தொகையுடன் அவர் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கே அத்தொகை. பின்னர் லண்டன் சென்று பொருளாதாரம் பயின்றுகொண்டிருக்கையில், 1917-இல் உதவித்தொகைக் காலம் முடிந்து, படிப்பைப் பாதியில் விட்டுத் தாயகம் திரும்ப நேர்ந்தது. ஆனால் அவர் வெறுங்கையுடன் திரும்பவில்லை. நான்காண்டுகளுக்குள் மீண்டும் வந்து படிப்பைத் தொடரலாம் என்னும் அனுமதியைப் பல்கலைக்கழகத்திடம் பெற்றுக்கொண்டே கப்பலேறினார். பம்பாயில் பேராசிரியராகப் பணிசெய்து சேர்த்த பணம், கோலாப்பூர் சாகு மகாராஜா அளித்த உதவி, நண்பர் ஒருவரிடம் பெற்ற கடன் ஆகியவற்றைக் கொண்டு 1920-இல் மீண்டும் லண்டன் சென்றார். 1923-இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். உதவித்தொகை நின்றபோதும் அவருடைய கல்வி நின்றுவிடவில்லை. நான் சொல்லவிருக்கும் ஆயத்தங்கள் யாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

முதலாவது ஆயத்தம், பெயர். இதைக் கேட்டுச் சிலர் வியக்கலாம். தலைமையாசிரியன் என்ற முறையில் இதனை அழுத்திச் சொல்கிறேன். நம் பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு பெயர், பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர், குடும்ப அட்டையில் வேறோர் எழுத்துக்கோவை. உள்ளூரில் இதனால் பெரிய இடர் இல்லை. பாஸ்போர்ட் எடுக்கச் செல்லும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. நம் நாட்டு வழக்கப்படி பெயருக்கு முன் ஒற்றை எழுத்தைத் தலைப்பெழுத்தாக இடுகிறோம். பாஸ்போர்ட்டில் அவ்வெழுத்தை விரித்து எழுத வேண்டும். தன் பெயரை இயற்பெயர் என்னும் இடத்திலும், தந்தை அல்லது தாயின் பெயரைக் குடும்பப்பெயர் என்னும் இடத்திலும் எழுதுவது நலம். ஓரிடத்தை வெறுமையாக விட்டால், அமெரிக்க விசாவில் 'முதற்பெயர் அறியப்படவில்லை' என்று அச்சிட்டுவிடுவார்கள். பிறகு வங்கிக் கணக்கு முதல் பட்டச் சான்றிதழ் வரை அந்தக் குழப்பம் தொடரும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்பும் காலத்திலேயே பெயரையும் பிறந்த தேதியையும் பெற்றோர் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும். அப்போது ஒரு நாளில் முடியும் திருத்தத்திற்குப் பின்னர் மாதக் கணக்கில் அலைய நேரிடும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றிலும் அதே பெயர், அதே எழுத்துக்கோவை இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, காலம். மேலை நாடுகளில் கல்வியாண்டு பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில் தொடங்குகிறது. அதற்கு ஓராண்டுக்கு முன்பாவது ஆயத்தம் தொடங்க வேண்டும். ஐ.இ.எல்.டி.எஸ்., டோஃபல் போன்ற ஆங்கிலத் தேர்வுகளின் மதிப்பெண் ஈராண்டுகளுக்கே செல்லும். ஆதலின் மிக முன்னதாக எழுதியும் பயனில்லை; காலம் தாழ்த்தியும் பயனில்லை. ஜெர்மனிக்குச் செல்வோர், தம் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். என்னும் அமைப்பின் சான்றைப் பெற வேண்டும். ஆறு மாதத்திற்கு மேல் பிரிட்டனில் தங்கச் செல்வோர் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இவை ஒவ்வொன்றும் நாள் பிடிக்கும் காரியங்கள்.

மூன்றாவது, பொருள். நம் குடும்பங்களுக்கு விற்க நிலமில்லை. அடகு வைக்க நகையில்லை. எனவே உதவித்தொகையே நமக்கு முதல் வழி. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை 1954-55 முதல் நடைபெற்று வருகிறது. அண்மைய விதிகளின்படி மொத்தம் 125 இடங்கள். அவற்றுள் 115 பட்டியல் சாதியினருக்கு. வயது 35-க்குள், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய்க்குள், தகுதித் தேர்வில் 60 விழுக்காடு மதிப்பெண் என்பன முதன்மையான நிபந்தனைகள். இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இத்தொகை கிடையாது என்று 2022-இல் விதி செய்துவிட்டார்கள். சாதியைப் பற்றி ஆராய விரும்புவோர் வேறு வழி தேட வேண்டும். பிரிட்டனின் செவனிங், காமன்வெல்த் உதவித்தொகைகள், அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட்-நேரு, ஜெர்மனிக்கு டி.ஏ.ஏ.டி., ஐரோப்பாவுக்கு எராஸ்மஸ் முண்டஸ் ஆகியன உண்டு. தமிழக அரசின் ஆதிதிராவிடர் நலத்துறையும் அயல்நாட்டுக் கல்விக்கு உதவுகிறது. விதிகள் ஆண்டுதோறும் மாறுவதால், அவ்வாண்டின் அறிவிப்பைத் தாமே படித்துத் தெளிய வேண்டும்.

2025-இல் தேசிய உதவித்தொகைக்குத் தேர்வான 106 பேருள் 40 பேருக்கே முதலில் ஆணை வழங்கப்பட்டது. ஏனையோருக்கு நிதி இருப்பைப் பொறுத்தே என்று கூறப்பட்டது. தகுதி இருந்தும் தவித்து நிற்கும் நிலை நூறாண்டு கழிந்தும் மாறவில்லை. ஆகவே ஒரே கதவை நம்பி நிற்காதீர்கள். இரண்டு மூன்று இடங்களுக்கு ஒருசேர விண்ணப்பியுங்கள். உதவித்தொகை தாமதமானால் சேர்க்கையை அடுத்த பருவத்திற்கு ஒத்திவைக்க இயலுமா என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். அண்ணல் செய்ததும் அதுதான்.

வங்கியில் பணம் இருப்பதாகக் காட்டுவதற்காகக் கந்துவட்டிக்கு வாங்கிப் போடும் வழக்கம் பரவி வருகிறது. பிரிட்டன் விசாவுக்கு அப்பணம் தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருக்க வேண்டும். ஜெர்மனிக்கு ஓராண்டுச் செலவை முன்கூட்டியே முடக்கக் கணக்கில் செலுத்த வேண்டும்; 2024 செப்டம்பரில் அத்தொகை 11,904 யூரோ என உயர்த்தப்பட்டது. வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். ஊரில் தாய் தந்தையர் கூலி வேலை செய்து அதனை அடைக்க நேரிடும். அங்கே வேலை செய்து கட்டிவிடலாம் என்று எண்ணுவதும் பிழை. பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர் கல்விப் பருவத்தில் வாரத்திற்கு 20 மணி நேரமே வேலை செய்யலாம். அமெரிக்காவிலும் அதே அளவுதான். அதுவும் பொதுவாகக் கல்லூரி வளாகத்திற்குள் மட்டுமே. அவ்வருவாய் கைச்செலவுக்கு உதவும், கட்டணத்திற்கு உதவாது.

நான்காவது, பயிலும் முறை. நம் பள்ளிகளில் பாடத்தை மனப்பாடம் செய்து எழுதினால் முழு மதிப்பெண் தருகிறோம். அங்கே பிறர் எழுதிய வாக்கியத்தை இன்னாருடையது என்று குறிக்காமல் எழுதினால் அது திருட்டு. பல்கலைக்கழகத்தை விட்டே நீக்கவும் கூடும். இன்னொன்று, வாய் திறந்து கேட்பது. தலைமுறை தலைமுறையாகக் கடைசி வரிசையில் உட்கார வைக்கப்பட்டவர்கள் நாம். மௌனமே பணிவு என்று கற்பிக்கப்பட்டோம். அங்கே கருத்தரங்க வகுப்பில் பேசாதவன், படிக்காதவன் என்றே கருதப்படுவான். தவறாகவேனும் பேசிப் பழகுங்கள். அதனை இங்கிருந்தே தொடங்குங்கள். சமையலும் கற்றுக்கொள்ளுங்கள். ஆண்பிள்ளைகளுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

ஐந்தாவது, மனம். கடல் தாண்டினால் சாதி மறைந்துவிடும் என்று நம்பிச் செல்லாதீர்கள். அறைத்தோழர் ஊரைக் கேட்பார். ஊருக்குள் தெருவைக் கேட்பார். இக்கொடுமை அங்கும் உண்டு என்பதனாலேயே 2019-இல் அமெரிக்காவின் பிரான்டைஸ் பல்கலைக்கழகமும், 2022-இல் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகமும் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்யும் விதிகளை ஏற்றன. 2023-இல் சியாட்டில் நகரமும் அவ்வாறே சட்டம் இயற்றியது. அதே ஆண்டு கலிபோர்னியா மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு ஆளுநர் இசைவு மறுத்ததையும் நினைவில் கொள்ளுங்கள். எனவே நீங்கள் சேரும் பல்கலைக்கழகத்தின் விதிகளைப் படித்து வையுங்கள். இழிவு நேர்ந்தால் எங்கே முறையிடுவது என்று அறிந்து வையுங்கள். அஞ்சவும் வேண்டா, தனித்து ஒதுங்கவும் வேண்டா.

நிறைவாக, சங்கத்தின் பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உதவித்தொகை பின்னர்தான் வரும். தேர்வுக் கட்டணம், பாஸ்போர்ட், விண்ணப்பக் கட்டணம், விசாக் கட்டணம் ஆகியவை முன்னரே கேட்கும். அந்த முதற்செலவுக்குப் பணமின்றி, தகுதியிருந்தும் விண்ணப்பிக்காமலே நின்றுவிடும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. வெள்ளி விழாவின் நினைவாக நம் சங்கம் ஒரு சுழல்நிதி ஏற்படுத்தட்டும். வட்டியின்றிக் கொடுப்போம், சென்றவர் திருப்பித் தரட்டும், அடுத்தவர் அதைக்கொண்டு செல்லட்டும். அரசு ஊழியர்களாகிய நாம் ஆளுக்கு ஒரு நாள் ஊதியத்தை அளித்தால் அதற்கு வித்திடலாம். என் பங்கை இன்றே செயலாளரிடம் அளிக்கிறேன்.

மாணவச் செல்வங்களே! சென்று கற்றுவாருங்கள். நீங்கள் சென்ற வழியை உங்கள் தெருவில் இன்னொரு பிள்ளைக்கு எழுதிக் காட்டுங்கள்.