வியாழக்கிழமை புரொடக்‌ஷன்ல ஏத்தினா: லேப்டாப் லைசென்ஸ் கதை

வர்த்தகக் கொள்கைன்னாலே தூக்கம் வருதுன்னு சொல்றவங்களுக்காக இன்னைக்கு லேப்டாப்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

2023 ஆகஸ்ட் 3, வியாழக்கிழமை. வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம், அதாவது டிஜிஎஃப்டி, ஒரு அறிவிப்பு விட்டது. லேப்டாப், டேப்லெட், சர்வர் இதையெல்லாம் இறக்குமதி பண்ண இனிமே லைசென்ஸ் வேணும். எப்போதிலிருந்து? உடனடியாக! ஆன்லைன்ல வாங்கி கூரியர்ல வர்ற ஒத்த லேப்டாப்புக்கு விலக்கு.

அப்போ எங்க டீம்ல நாலு பேர் புதுசா சேர இருந்தாங்க. ஐடி சப்போர்ட் அண்ணன் வெண்டருக்கு போன் போட்டார். "சார், எங்களுக்கே டிவி பார்த்துதான் தெரியும்"னு பதில். மறுநாளே அரசு இன்னொரு அறிவிப்பு விட்டது: அக்டோபர் 31 வரைக்கும் லைசென்ஸ் வேண்டாம். நம்ம பாஷையில சொன்னா, ஸ்டேஜிங்ல டெஸ்ட் பண்ணாம நேரா புரொடக்‌ஷன்ல ஏத்திட்டு அடுத்த நாள் ரோல்பேக்.

சரி, உள்நாட்டு உற்பத்தியை வளர்க்கணும்னா இறக்குமதி வரியைக் கூட்டலாமே, எதுக்கு லைசென்ஸ்? எனக்கும் இதே சந்தேகம்தான். தேடிப் பார்த்தா விஷயம் 1997க்குப் போகுது. உலக வர்த்தக அமைப்போட தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்துல அந்த வருஷம் இந்தியா சேர்ந்துச்சு. அதனால கம்ப்யூட்டருக்கு சுங்க வரி பூஜ்யம். மொபைல் போனுக்கு வரி போட்டதே தப்புன்னு 2023 ஏப்ரல்லதான் அந்த அமைப்போட குழு தீர்ப்பு சொல்லியிருந்துச்சு. வரிங்கிற கதவு மூடியாச்சு. இன்னொரு பக்கம் ஐடி ஹார்டுவேர் இங்கேயே தயாரிக்க 17,000 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் மே மாசம்தான் ஒப்புதல் ஆகியிருந்தது. மிச்சமிருந்த கதவு லைசென்ஸ்.

நோக்கத்தை நான் குறை சொல்லலை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எச்பி லேப்டாப் தயாராகுது, அது இன்னும் பெருகட்டும். ஆனா ஃபேக்டரி ஒரே ராத்திரியில முளைக்காது. கப்பல்ல ஏத்தின சரக்கு பாதி வழியில திரும்பாது. அந்த மூணு மாச அவகாசத்தை முதல் நாளே கொடுத்திருந்தா என்ன?

அக்டோபர்ல வந்த இறக்குமதி மேலாண்மை முறை எவ்வளவோ தேவலை. எவ்வளவு எண்ணிக்கை, என்ன மதிப்புன்னு ஆன்லைன்ல சொல்லி அனுமதி வாங்கணும், 2024 செப்டம்பர் 30 வரைக்கும் அது செல்லும்னு அப்போ அறிவிச்சாங்க. பிளாக் பண்றதுக்குப் பதிலா லாக் எடுக்கிற மாதிரி. யாரும் பதறலை.

எங்க நாலு பேர்ல மூணு பேருக்குப் புது லேப்டாப் வந்துடுச்சு. நாலாவது பையனுக்கு என் பழைய மெஷின். அதுல என்டர் கீயை ரெண்டு தடவை தட்டணும்.